வைரக் கோள்: விடைத்தாளில் எழுதலாமா?

"வைரத்தால் ஆன கோள் எது?" என்ற வினாவை நீங்கள் எங்கேனும் படித்திருப்பீர்கள். பொது அறிவு நூல்களில் அது உண்டு. வினாடி வினாப் போட்டிகளிலும் உண்டு. விடையும் பலருக்கு மனப்பாடம்: "55 கான்கிரி ஈ". சில ஏடுகள் ஒருபடி மேலே போய், அந்தக் கோளிலுள்ள வைரத்துக்கு விலைகூடக் கணக்கிட்டு வெளியிட்டன.

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு பள்ளியில் நடந்த அறிவியல் வினாடி வினாவுக்கு நான் நடுவராக இருந்தேன். இதே வினா வந்தது. ஒன்பதாம் வகுப்பு மாணவர் ஒருவர் எழுந்து, "55 கான்கிரி ஈ என்று சொல்கிறார்கள் ஐயா. ஆனால் அது உறுதியில்லை என்று படித்தேன்" என்றார். என் கையிலிருந்த தாளில் கோளின் பெயர் மட்டுமே இருந்தது. "உறுதியில்லை என்றால் விடையாகாது" என்று சொல்லி வினாவை அடுத்த அணிக்கு அனுப்பிவிட்டேன். அவர்கள் பெயரை மட்டும் சொல்லி முழு மதிப்பெண் பெற்றார்கள். வீடு திரும்பி, இதுபற்றி வந்த ஆய்வுகளை வரிசையாகத் தேடிப் படித்த பிறகுதான் தெரிந்தது, அன்று சரியான விடை சொன்னவர் அந்த மாணவர் ஒருவரே என்று.

அந்தத் தவறுக்கு ஈடாகவே இக்கட்டுரையை எழுதுகிறேன். "வைரக் கோள்" என்ற செய்தி எப்படிப் பிறந்தது, அது எவற்றின்மீது நின்றது, பிறகு என்ன ஆயிற்று என்பதைப் படிப்படியாகப் பரிசீலிப்போம். முடிவில், இந்த விடையைத் தேர்வில் எழுதலாமா என்று நீங்களே சொல்லுங்கள்.

கோள் இருக்கும் இடம்

பிப்ரவரி, மார்ச் மாதங்களில் முன்னிரவு வானில் மிதுன ராசிக்கும் சிம்ம ராசிக்கும் இடையே பாருங்கள். மங்கலான விண்மீன்களைக் கொண்ட கடக ராசி அங்கே உள்ளது. பூச நட்சத்திரம் என்று நாம் சொல்வது இந்த ராசியைச் சேர்ந்ததுதான். அதற்கு வடக்கே, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு விண்மீன் இருக்கிறது. விளக்கு வெளிச்சம் இல்லாத ஊரில், நிலவில்லாத இரவில், கூர்மையான பார்வை உள்ளவர்களுக்கே அது புலப்படும். அதுவே 55 கான்கிரி. நம் சூரியனைவிடச் சற்றுச் சிறியது. சற்று வெப்பம் குறைந்தது. அதன் தொலைவு ஏறத்தாழ 41 ஒளியாண்டு. கிலோமீட்டரில் சொன்னால் 388 லட்சம் கோடி!

அந்த விண்மீனைச் சுற்றி ஐந்து கோள்கள் இருப்பது இதுவரை தெரிந்துள்ளது. கண்டுபிடித்த வரிசைப்படி ஆங்கில எழுத்துகளில் பி, சி, டி, ஈ, எஃப் எனப் பெயரிட்டனர். 2015-ஆம் ஆண்டு உலக வானியல் சங்கம் பொதுமக்களின் வாக்கெடுப்பை நடத்தி விண்மீனுக்குக் கோப்பர்நிக்கஸ் என்றும், 'ஈ' கோளுக்கு ஜான்சன் என்றும் பெயர் சூட்டியது. ஆயினும் பழைய பெயரே வழக்கில் நிற்கிறது.

'ஈ' கோள் நான்காவதாகக் கண்டுபிடிக்கப்பட்டாலும், ஐந்தில் விண்மீனுக்கு மிக அருகில் இருப்பது அதுதான். எவ்வளவு அருகில் தெரியுமா? வெறும் 23 லட்சம் கிலோமீட்டர். நம் சூரியனுக்கு மிக அண்மையிலுள்ள புதன் கோளே சூரியனிலிருந்து சராசரியாக 5 கோடியே 80 லட்சம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. புவியின் தொலைவோ 15 கோடி கிலோமீட்டர். அப்படியானால் அந்தக் கோள் எப்படிக் கொதிக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளுங்கள். அது தன் விண்மீனை ஒருமுறை சுற்றிவர 17 மணி 41 நிமிடமே ஆகிறது. அங்கே ஓர் "ஆண்டு" நமது ஒரு நாளைவிடக் குறைவு.

கோளை எவரும் பார்த்ததில்லை

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தக் கோளின் உருவத்தை எவரும், எந்தத் தொலைநோக்கியாலும், இதுவரை தனியே பார்த்ததில்லை. ஏடுகளில் நீங்கள் பார்த்த படங்கள் எல்லாம் ஓவியர்கள் வரைந்தவை. அப்படியானால் கோள் இருப்பது எப்படித் தெரிந்தது?

கோள் விண்மீனைச் சுற்றும்போது விண்மீனும் இலேசாக அசைகிறது. நம்மை நோக்கி வரும்போது அதன் ஒளியின் நிறமாலைக் கோடுகள் நீலப் பக்கமாகவும், விலகும்போது சிவப்புப் பக்கமாகவும் நகரும். நெருங்கி வரும் ரயிலின் ஊதல் ஒலி உரத்த சுருதியிலும், விலகிச் செல்லும்போது தாழ்ந்த சுருதியிலும் கேட்பது போன்றது இது. 'ஈ' கோள் தன் விண்மீனை அசைக்கும் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 6 மீட்டர். சைக்கிளை விரைந்து மிதிப்பவரின் வேகம் என்று கொள்ளலாம். 41 ஒளியாண்டு தொலைவிலிருந்து இதை அளப்பது எவ்வளவு நுட்பமான செயல்!

2004-ஆம் ஆண்டு அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பார்பரா மெக்கார்தர் குழுவினர் இவ்வாறு இக்கோளைக் கண்டறிந்தனர். ஆனால் அப்போது அது சுற்றிவரும் காலத்தை 2.8 நாள் என்று அறிவித்தனர். இன்று நாம் சொல்லும் காலமோ 18 மணிக்கும் குறைவு. எப்படி இவ்வளவு வேறுபாடு வந்தது?

ஒரு செக்கு மாட்டை எண்ணிப் பாருங்கள். அது 24 மணி நேரத்தில் ஒரு முழுச் சுற்றும், மேலும் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாகவும் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் நாள்தோறும் ஒரே நேரத்தில் ஒருமுறை மட்டும் எட்டிப் பார்க்கிறீர்கள். முழுச் சுற்று உங்கள் கண்ணுக்குத் தப்பிவிடும். மாடு மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் மட்டும் நகர்ந்ததாகத் தோன்றும். எனவே ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.8 நாள் என்று கணக்கிடுவீர்கள். வானியலாரும் இரவில் மட்டுமே விண்மீனைப் பார்க்க முடியும். அதிலும் பெரும்பாலும் இரவுக்கு ஒருமுறை. இந்தச் சிக்கலை ரெபெக்கா டாசன், டேனியல் ஃபேப்ரிக்கி ஆகிய இருவர் 2010-ஆம் ஆண்டு எடுத்துக்காட்டி, உண்மையான காலம் 0.74 நாள் என்று நிறுவினர்.

அவர்கள் புதிய தொலைநோக்கி எதையும் கொண்டுவரவில்லை. இருந்த பதிவுகளையே சந்தேகத்துடன் மீண்டும் பார்த்தார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இக்கோளின் கதையில் இது மீண்டும் வரும்.

எடையும் அளவும் மட்டும் போதுமா?

கோள் இவ்வளவு அருகில் சுற்றுகிறது என்றால், அது விண்மீனுக்கும் நமக்கும் நடுவே கடந்து செல்லும் வாய்ப்பு கூடுகிறது. அப்படிக் கடக்கும்போது விண்மீனின் ஒளி சிறிது குறையும். 2011-ஆம் ஆண்டு ஸ்பிட்சர் என்ற அகச்சிவப்பு விண்வெளித் தொலைநோக்கியும், கனடா நாட்டின் மோஸ்ட் என்ற சிறு தொலைநோக்கியும் இந்த ஒளிக்குறைவைப் பதிவு செய்தன. குறைந்த ஒளி பத்தாயிரத்தில் நான்கு பங்கு அளவே. அதிலிருந்து கோளின் ஆரம் புவியைப்போல் இரண்டு மடங்கு அல்லது சற்றுக் கூடுதல் என்று அறிந்தனர். பின்வந்த திருத்தமான அளவீடுகளில் அது ஏறத்தாழ 1.9 மடங்காக இறங்கியது. எடை புவியைப்போல் ஏறத்தாழ 8 மடங்கு.

எடையையும் அளவையும் கொண்டு அடர்த்தியைக் காணலாம். இன்றைய கணக்கில் அது கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 6.5 கிராம். புவிக்கு 5.5 கிராம். அப்படியானால் இது புவியைவிடக் கனமான பொருளால் ஆனதா? இல்லை. எட்டு மடங்கு எடை இருந்தால் உட்பகுதி மிகுந்த அழுத்தத்தால் நெருக்குண்டு, அடர்த்தி இன்னும் கூடியிருக்க வேண்டும். எனவே புவியின் பொருளோடு ஒப்பிட்டால் இக்கோள் சற்று "இலேசானது". ஏதோ ஓர் இலேசான பொருள் அதில் கலந்திருக்க வேண்டும்.

அது என்ன பொருள்? அடர்த்தி இதற்கு விடை சொல்லாது. வாய் தைத்த ஒரு சாக்கு மூட்டை இருக்கிறது. அதன் எடையும் பருமனும் தெரியும். உள்ளே இருப்பது நெல்லா, அல்லது கொஞ்சம் மணலும் நிறையப் பஞ்சுமா? இரண்டும் ஒரே கணக்குக்குப் பொருந்தும். இக்கோளுக்கும் அப்படியே. பாறையின்மேல் நீராவியோ வேறு வாயுவோ போர்த்தியிருக்கலாம். அல்லது உட்பகுதியிலேயே புவியிலிருப்பதைவிட இலேசான பொருள் மிகுந்திருக்கலாம். 2011-இல் பலர் முதல் விளக்கத்தையே சொன்னார்கள்.

வைரம் வந்த வழி

2012-ஆம் ஆண்டு அக்டோபரில் இரண்டாவது விளக்கம் வெளிவந்தது. அப்போது அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய, இந்தியாவில் பிறந்த நிக்கு மதுசூதனும் அவருடன் பணியாற்றிய இருவரும் அதை எழுதினர். இக்கோளின் உட்பகுதி ஆக்சிஜன் மிகுந்த பாறையாக இல்லாமல், கார்பன் மிகுந்ததாக இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. இரும்பு, சிலிகான் கார்பைடு, கிராஃபைட், வைரம் ஆகியவை அடுக்கடுக்காக அமைந்தால் எடையும் ஆரமும் கணக்குக்கு ஒத்துவருகின்றன. அவ்வாறாயின் கோளின் எடையில் மூன்றில் ஒரு பங்குவரை வைரமாக இருக்கக்கூடும்.

இது பொறுப்பற்ற பேச்சு அன்று. முறையான கணக்கு, சுவையான கருத்து. கட்டுரையின் தலைப்பிலேயே "இருக்கக்கூடிய" என்ற பொருள்படும் சொல் உண்டு. ஆனால் அந்த முடிவு ஒரு சங்கிலியைப்போல நான்கு "இருந்தால்"களின்மீது தொங்கிக்கொண்டிருந்தது.

ஒன்று: விண்மீனில் ஆக்சிஜனைவிடக் கார்பன் மிகுந்து இருந்தால்.

இரண்டு: விண்மீனில் உள்ள விகிதமே கோளிலும் இருந்தால்.

மூன்று: அளந்த ஆரம் முழுவதும் திடப்பகுதியின் ஆரமாக இருந்தால், அதாவது மேலே கனத்த வாயுப் போர்வை இல்லாது இருந்தால்.

நான்கு: உட்பகுதியின் அடுக்குகள் கணக்கில் கொண்டதுபோல் அமைந்து இருந்தால்.

ஆய்வுக் கட்டுரையில் இந்த நான்கும் இருந்தன. செய்தித் தலைப்புகளில் ஒன்றும் இல்லை. "இருக்கக்கூடும்" என்பது "இருக்கிறது" ஆயிற்று. "மூன்றில் ஒரு பங்குவரை" என்பது "வைரக் கோள்" ஆயிற்று. ஒரு வாக்கியத்தின் வினைமுற்றை மாற்றினால் ஓர் உலகமே மாறிவிடும் என்பதற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

முதற் கண்ணி அறுந்தது

நான்கு கண்ணிகளில் முதலாவதுதான் மற்றவற்றைத் தாங்கியது. 2010-இல் வெளிவந்த ஓர் அளவீட்டின்படி, 55 கான்கிரி விண்மீனில் 100 ஆக்சிஜன் அணுக்களுக்கு 112 கார்பன் அணுக்கள் இருந்தன. நம் சூரியனில் 100-க்கு ஏறத்தாழ 55. மதுசூதன் குழுவினர் இந்த 112 என்ற எண்ணை எடுத்துக்கொண்டே மேலே சென்றனர்.

இந்த எண்ணை எப்படி அளக்கிறார்கள்? விண்மீனின் ஒளியை நிறமாலையாகப் பிரித்தால், ஒவ்வொரு தனிமமும் தனக்குரிய இடத்தில் கருங்கோடுகளைப் பதிக்கும். கோடு எவ்வளவு ஆழமோ அதற்கேற்பத் தனிமம் மிகுதி. கேட்க எளிது; செய்ய அரிது. ஆக்சிஜனுக்குக் கண்ணுக்குப் புலனாகும் ஒளியில் நல்ல கோடுகள் குறைவு. வானியலார் பெரிதும் நம்பும் ஒரு கோடு 6300 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்தில் உள்ளது. அது மிக மெல்லியது. மேலும், ஏறத்தாழ அதே இடத்தில் நிக்கலின் ஒரு கோடும் விழுகிறது. 55 கான்கிரியோ சூரியனைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு உலோகம் கொண்ட விண்மீன். அங்கே நிக்கலின் பங்கும் பெரிது. நிக்கலின் பங்கை எவ்வளவு என்று கழிப்பதிலேயே ஆக்சிஜனின் அளவு மாறிவிடும். கலப்புப் பாலில் தண்ணீரின் பங்கைக் கண்டுபிடிப்பதுபோல் இது.

2013-ஆம் ஆண்டு ஜொஹானா டெஸ்கே என்ற ஆய்வாளரும் அவரது குழுவினரும் இந்த விண்மீனை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒரு கோட்டை மட்டும் நம்பாமல் பல ஆக்சிஜன் கோடுகளையும் பயன்படுத்தி, விகிதத்தை மீண்டும் கணக்கிட்டனர். விடை: 100-க்கு 78. பிழை எல்லை எட்டு கூட்டியோ குறைத்தோ.

இதன் பொருள் என்ன? கார்பன் மிகுந்த கோள் உருவாக வேண்டுமானால் விகிதம் ஏறத்தாழ 80-க்கு மேல் இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. 78 என்பது அந்த எல்லையிலேயே நிற்கிறது. வைரம் "இல்லை" என்று இது நிரூபிக்கவில்லை. ஆனால் "உண்டு" என்று நினைக்க இருந்த முதன்மையான காரணத்தை இது எடுத்துவிட்டது. ஒருவர் குற்றவாளி அல்லர் என்று நிறுவுவது வேறு; அவர் குற்றவாளி என்று சொல்ல வந்த சாட்சியம் நிற்காமல் போவது வேறு. இரண்டாவதுதான் இங்கே நடந்தது.

நம் புவியே சாட்சி

இரண்டாவது கண்ணிக்கு வருவோம். விண்மீனில் உள்ள விகிதமே கோளிலும் இருக்குமா? இதைச் சோதிக்க 41 ஒளியாண்டு போக வேண்டியதில்லை. நம் காலடி மண் போதும். சூரியனில் இரண்டு ஆக்சிஜன் அணுக்களுக்கு ஒரு கார்பன் அணு என்ற அளவில் இருக்கிறது. புவியில் அப்படியா இருக்கிறது? பாறை எங்கும் ஆக்சிஜன். கார்பனோ மொத்த எடையில் ஒரு சதவீதத்துக்கும் மிகக் குறைவு. காரணம், கோள்கள் உருவான காலத்தில் சூரியனுக்கு அருகே வெப்பம் மிகுதி. அங்கே கார்பனில் பெரும்பகுதி வாயு வடிவில் இருந்ததால் பாறையில் சேரவில்லை. ஆக்சிஜனோ சிலிகானுடனும் மக்னீசியத்துடனும் கூடித் திடப்பொருளாகத் தங்கிவிட்டது.

எனவே தாயின் நிறத்தைப் பார்த்துப் பிள்ளையின் நிறத்தை உறுதியாகச் சொல்ல முடியாததுபோல, விண்மீனைப் பார்த்துக் கோளின் உள்ளடக்கத்தைச் சொல்லிவிட முடியாது. ஒரு கோள் எந்த இடத்தில், எந்த வெப்பநிலையில் திரண்டது, பின்னர் அங்கிருந்து நகர்ந்ததா என்பனவெல்லாம் தெரிந்தாக வேண்டும்.

வெப்பம் சொல்லும் கதை

மூன்றாவது கண்ணி, கோளின்மேல் வாயுப் போர்வை இல்லை என்பது. இதை அறிய வானியலார் ஒரு தந்திரம் செய்கிறார்கள். கோள் விண்மீனுக்குப் பின்னால் மறையும் தறுவாயில் இரண்டின் ஒளியையும் சேர்த்து அளக்கிறார்கள். முழுவதும் மறைந்தபின் விண்மீனின் ஒளியை மட்டும் அளக்கிறார்கள். முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் கோளின் ஒளி மிஞ்சும். அதிலிருந்து வெப்பநிலை தெரியும்.

2016-இல் டெமோரி என்பவரின் குழுவினர் ஸ்பிட்சர் பதிவுகளிலிருந்து இக்கோளுக்கு ஒரு வெப்பப் படம் வரைந்தனர். பகல் பக்கம் ஏறத்தாழ 2400 டிகிரி செல்சியஸ். இரவுப் பக்கம் 1100 டிகிரி. மிக வெப்பமான இடம் நடுப்பகலில் இல்லாமல் 41 பாகை கிழக்கே தள்ளியிருந்தது. 2022-இல் வேறொரு குழுவினர் அதே பதிவுகளை மீண்டும் ஆராய்ந்தனர். இம்முறை பகல் பக்கம் ஏறத்தாழ 3500 டிகிரி. வெப்பமான இடம் தள்ளியிருக்கவும் இல்லை. பதிவு ஒன்று, விடை இரண்டு! கருவியின் சிறு தடுமாற்றங்களை எவ்வாறு கழிப்பது என்பதிலேயே இந்த வேறுபாடு எழுந்தது.

2024-ஆம் ஆண்டு மே மாதம் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் முடிவுகளை ரென்யூ ஹு குழுவினர் வெளியிட்டனர். வாயு ஏதுமில்லாத உருகிய பாறைக் கோளமாக இருந்தால் பகல் பக்கம் ஏறத்தாழ 2200 டிகிரி இருக்க வேண்டும். அவர்கள் கண்டதோ ஏறத்தாழ 1500 டிகிரி. மேலும், சில அகச்சிவப்பு அலைநீளங்களில் ஒளி குறைந்திருந்தது. கார்பன் டைஆக்சைடு அல்லது கார்பன் மோனாக்சைடு உள்ள ஒரு வளிமண்டலம் வெப்பத்தை இரவுப் பக்கத்துக்குக் கடத்துகிறது என்று கொண்டால் இவை பொருந்துகின்றன. கீழே கொதிக்கும் பாறைக் குழம்பிலிருந்து வாயுக்கள் ஓயாமல் வெளிவந்து அந்த வளிமண்டலத்தை நிரப்பிக்கொண்டிருக்கலாம் என்பது அவர்கள் விளக்கம்.

இதுவும் முடிந்த முடிவு அன்று. வெப் தொலைநோக்கியால் சில மாத இடைவெளியில் ஐந்து முறை அளந்த வேறொரு குழுவினர், ஒரு முறைக்கு மறுமுறை கோளின் வெப்ப ஒளி பெரிதும் மாறுவதைக் கண்டனர். குறைந்தபட்சம் 600 டிகிரிக்கும் அதிகபட்சம் 2000 டிகிரிக்கும் ஒப்பான அளவுகள் கிடைத்தன. வளிமண்டலம் தோன்றித் தோன்றி மறைகிறதா? மேகம் கவிந்து விலகுகிறதா? ஆய்வு நடக்கிறது.

இத்தனை செய்திகளிலும் வைரம் என்ற பேச்சே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? வளிமண்டலத்தில் கார்பன் இருக்கலாம் என்பது உண்மையே. ஆனால் வெள்ளி, செவ்வாய்க் கோள்களின் வளியிலும் பெரும்பகுதி கார்பன் டைஆக்சைடுதான். அவற்றை எவரும் வைரக் கோள் என்று அழைப்பதில்லை.

படங்கள் செய்யும் வேலை

செய்திக்கு அடுத்தபடியாக நம் மனத்தில் பதிவது படம். வைரக் கோளின் படங்களில் பட்டை தீட்டிய கற்கள் தரையெங்கும் மின்னுகின்றன. 2012-இன் அந்தக் கணக்கை அப்படியே ஏற்றுக்கொண்டாலும் இந்தப் படம் தவறு. கார்பன் வைரமாவதற்குப் பேரழுத்தம் வேண்டும். புவியிலும் வைரங்கள் பெரும்பாலும் 150 கிலோமீட்டர் ஆழத்துக்குக் கீழேதான் உருவாகின்றன. மேற்பரப்பில் பென்சிலில் உள்ள கிராஃபைட்டும், அதன்கீழ் கனத்த வைர அடுக்கும் என்பதே அந்தக் கணக்கு. மின்னும் பட்டைகள் நகைக்கடைச் சாணைக்கல்லின் வேலை. இயற்கையின் வேலை அன்று.

நாசா நிறுவனமும் இக்கோளுக்கு ஒரு சுவரொட்டி வெளியிட்டுள்ளது. சுற்றுலாப் பயணிகளை அழைக்கும் விளம்பரம்போல வேடிக்கையாக வரையப்பட்டது அது. அதில் வைரம் இல்லை; எரிமலைக் குழம்புக் கடலும் மின்னும் வானமும் உள்ளன. இதில் எனக்குக் குறை இல்லை. அது வேடிக்கை என்று பார்த்தவுடனே தெரிகிறது. ஆனால் இத்தகைய ஓவியங்களை "ஓவியரின் கற்பனை" என்ற குறிப்பை நீக்கிவிட்டு, "தொலைநோக்கி எடுத்த படம்" என்று நினைக்கும்படி மறுபதிப்புச் செய்யும்போதுதான் தீங்கு நேர்கிறது. படத்தின் அடியிலுள்ள சிறிய எழுத்துகளை முதலில் படியுங்கள். எழுத்தே இல்லையென்றால் ஓவியம் என்றே கொள்ளுங்கள்.

யார்மீது குறை?

"அப்படியானால் விஞ்ஞானிகள் தவறு செய்துவிட்டார்களா?" என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. 2.8 நாள் என்றவர்களும், 112 என்றவர்களும், வைரம் என்றவர்களும் தம்மிடம் இருந்த அளவீடுகளிலிருந்து நேர்மையாகவே கணக்கிட்டனர். எண்களையும் முறையையும் மறைக்காமல் வெளியிட்டனர். அதனால்தான் மற்றவர்கள் சரிபார்க்க முடிந்தது. பழைய பதிவைச் சந்தேகத்துடன் மீண்டும் பார்த்த டாசனும் ஃபேப்ரிக்கியும், கோடுகளை மீண்டும் அளந்த டெஸ்கேயும் செய்தது யாரையும் வீழ்த்தும் வேலை அன்று. அறிவியல் நடைபெறும் முறையே அதுதான்.

குறை வேறு இடத்தில் உள்ளது. 2012-இன் செய்தி உலகெங்கும் பரவியது. 2013-இன் திருத்தம் அதில் ஒரு சிறு பங்குகூடப் பரவவில்லை. "வைரக் கோள்" என்பது ஒரு தலைப்பு; "கார்பன் விகிதம் 78" என்பது தலைப்பாகாது. இவ்வாறு முதற் செய்தி பொது அறிவு நூலுக்குள் நுழைந்து, அங்கிருந்து வினாத்தாளுக்குப் போய், என்னைப் போன்ற நடுவர்கள் கையில் "சரியான விடை" ஆகிவிட்டது.

இதனால் என்ன கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். 41 ஒளியாண்டுக்கு அப்பால் வைரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நமக்கு நட்டமில்லைதான். ஆனால் உறுதி என்று மனப்பாடம் செய்த ஒரு மாணவர் பின்னொரு நாள் அது மறுக்கப்பட்டதைப் படித்தால் என்ன நினைப்பார்? "இன்று ஒன்று சொல்வார்கள், நாளை வேறொன்று சொல்வார்கள்; எதையும் நம்ப வேண்டியதில்லை" என்றே நினைப்பார். அந்த எண்ணம் தடுப்பூசியையும் புயல் எச்சரிக்கையையும் நம்பாத அளவுக்குப் போகும்போது நட்டம் நம் வீட்டுக்கே வந்துவிடுகிறது. மாறாக, முதலிலேயே "இருந்தால்" என்ற சொல்லோடு படித்தவருக்கு, திருத்தம் ஏமாற்றமாக வராது. அடுத்த படியாக வரும்.

எனவே இத்தகைய செய்தியைப் படிக்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுப் பழகுங்கள். இதில் நேராக அளந்தது எது? அளந்ததிலிருந்து ஊகித்தது எது? அந்த ஊகம் எந்த "இருந்தால்" மீது நிற்கிறது? 55 கான்கிரி ஈ கோளுக்கு இவற்றைப் பொருத்திப் பாருங்கள். அளந்தவை விண்மீனின் அசைவு, ஒளியின் குறைவு, கோளின் வெப்ப ஒளி. அவற்றிலிருந்து நேராகப் பெற்றவை சுற்றுக்காலம், எடை, ஆரம். ஊகித்தவை உள்ளடக்கமும் வளிமண்டலமும். வைரம் ஊகத்திலும் ஒரு மூலையில் நிற்கிறது.

வினாத்தாள் தயாரிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இக்கோளைப்பற்றிக் கேட்க விரும்பினால், "அங்கே ஓர் ஆண்டு எவ்வளவு நேரம்?" என்று கேளுங்கள். விடை 17 மணி 41 நிமிடம்; அது உறுதியானது. பெரிய வகுப்பு மாணவர்களானால், "இக்கோளை வைரக் கோள் என்று ஏன் சொன்னார்கள்? பின்னர் ஏன் ஐயுற்றார்கள்?" என்று ஐந்து மதிப்பெண் வினாவாகக் கேளுங்கள்.

அந்தப் பழைய வினாவே வந்தால் மாணவர்களாகிய நீங்கள் என்ன எழுதுவது? "55 கான்கிரி ஈ, ஆனால் அது உறுதியில்லை" என்று எழுதுங்கள். அன்று அந்த ஒன்பதாம் வகுப்பு மாணவர் சொன்ன விடை அதுதான். அதற்கு முழு மதிப்பெண் கொடுத்திருக்க வேண்டும்.